நிழலில் அளந்த வெயில்

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த கட்டுரைக்குப் பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஐந்நூறு பேர்கூடப் படிக்காத ஒரு பத்திரிகையில் இரண்டு பேர் மோதிக்கொள்வதால் எதுவும் மாறிவிடப்போவதில்லை. ஆனால் அவர் போகிறபோக்கில் சொல்லிச் சென்ற ஒரு விஷயம் என்னை விடவில்லை. பூமி சூடாகிறது என்பது வயிறு நிறைந்தவர்களின் கவலையாம். தொழிலாளியின் பிரச்னை கூலியாம், கூலி மட்டுமேயாம். நண்பர் ஒரு பெரிய தொழிற்சங்கத்தில் இருபது வருஷம் பொறுப்பில் இருந்தவர். நல்ல கவிதைகளும் எழுதியிருக்கிறார். இந்த இரண்டு அனுபவமும் உள்ள ஒருவரால் இப்படி எழுத முடிகிறதென்றால் கோளாறு அவர் ஒருவரிடம் மட்டும் இருக்க முடியாது. சங்கத்திலும் இருக்கிறது, நம் கவிதையிலும் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரை நண்பருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல.

1

என் சித்தி தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் முப்பது வருஷம் உப்புச் சுமந்தவள். வேலைக்குப் போகிற நாட்களில் அவள் தண்ணீர் குடிக்கமாட்டாள். எனக்கு இது வெகுநாள் புரியவில்லை. வெயிலில் நிற்கிறவள்தானே அதிகம் குடிக்கவேண்டும்? ஒருநாள் கேட்டேன். 'குடிச்சா எங்கடா போய் உக்கார?' என்றாள். உப்பளம் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை வெளி. ஒரு புதர் கிடையாது. ஆண்கள் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்கள் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். நீர்க்கடுப்பு என்பது அவளுக்கு ஒரு வியாதியாகவே தோன்றியதில்லை. வயது ஏறுவதுபோல அதுவும் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் சிறுநீரகம் போயிற்று. அவள் செத்தபோது, காரணம் என்று போடுகிற இடத்தில் என்னவோ எழுதினார்கள். வெயில் என்று எழுதவில்லை.

எல் ஸால்வடாரிலும் நிகராகுவாவிலும் கரும்பு வெட்டுகிறவர்கள், நடு வயதுகூட ஆகாதவர்கள், ஆயிரக்கணக்கில் சிறுநீரக நோயால் செத்திருக்கிறார்கள். கடும் உழைப்பு, கடும் வெயில், போதாத தண்ணீர் மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை இது என்ற முடிவை நோக்கியே ஆராய்ச்சிகள் போய்க்கொண்டிருக்கின்றன. தண்ணீரும் நிழலும் முறையான ஓய்வும் கொடுத்துப் பார்த்த இடங்களில் பாதிப்பு குறைந்திருக்கிறது. அவ்வளவு தூரம் போகவேண்டாம். தமிழ்நாட்டிலேயே சென்னை ராமச்சந்திரா ஆராய்ச்சியாளர்கள் 2017ல் தொடங்கி 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் இதுபோன்ற இடங்களிலும் கடும் சூட்டில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்குக் கரு கலைவதற்கான அபாயம் மற்றவர்களைப்போல இரண்டு மடங்கு இருந்தது. வயிறு நிறைந்தவர்களின் கவலை என்று நண்பர் எழுதுகிறார். எந்த வயிறு என்று கேட்கவேண்டியிருக்கிறது.

உப்பளம் இந்த விஷயத்தில் ஒரு ஒளிவுமறைவில்லாத இடம். மற்ற தொழில்களில் வெயில் ஒரு இடைஞ்சல். உப்பளத்தில் வெயில்தான் மூலப்பொருள். கடல்நீரும் வெயிலும்தான் முதல். நீர் இலவசம், வெயிலும் இலவசம். வெயில் ஏற ஏறப் பாத்தியில் உப்பு விளைகிறது, முதலாளி சந்தோஷப்படுகிறார். அதே வெயிலில் நிற்பவளின் உடம்பு வற்றுகிறது. ஒரே சூரியன் ஒருவருக்கு லாபமாகவும் இன்னொருவருக்கு நோயாகவும் பிரிவதை இவ்வளவு ஸ்தூலமாக வேறெங்கும் பார்க்க முடியாது. மழை பெய்தால் உப்பளத்தில் வேலையில்லை. அந்த மாதங்களுக்காகத் தொழிலாளிகளுக்கு அரசு 5000 ரூபாய் நிவாரணம் தருகிறது; நல்லதுதான். ஆக, மழை அவர்களுடைய கஷ்டம் என்று ஒப்புக்கொண்டாயிற்று. வெயில் அவர்களுடைய கஷ்டம் என்று இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

2

சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம், சங்க அலுவலகம் ஒன்றில் ஒரு தலைவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர். சிறை சென்றவர். வாசலில் மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள், கொடி கட்டியிருந்தது. 'அண்ணாச்சி, உச்சி வெயிலில் வேலையை நிறுத்தணும்னு ஒரு கோரிக்கை வைக்கக்கூடாதா?' என்றேன். சிரித்தார். 'தம்பி, வெயில் மேல யார் கேஸ் போடுறது?' என்றார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை இப்போது வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் சிரிப்பில் ஒரு முழுத் தத்துவமே இருக்கிறது. வெயில் இயற்கை, இயற்கையோடு பேரம் பேச முடியாது, ஆகவே மோர் கொடுக்கலாம். மோர்ப் பந்தல் போடுவதற்குத் தொழிற்சங்கம் எதற்கு? அதைக் கோயில் தர்மகர்த்தாவும் நகைக்கடைக்காரரும் செய்கிறார்களே. தாகத்துக்கு மோர் தருவது தர்மம். தாகம் எடுக்கும்படி ஒருவரை எத்தனை மணி நேரம் நிறுத்திவைக்கலாம் என்று கேட்பதுதான் சங்கத்தின் வேலை. வெயில் எங்கிருந்து வருகிறது என்பது வானசாஸ்திரம். அந்த வெயிலில் யார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த நிழலும் இல்லாமல் நிற்கவேண்டும் என்பதை ஒரு மனிதன் தீர்மானிக்கிறான். அவனுக்குப் பெயர் உண்டு, விலாசம் உண்டு. கேஸ் போடலாம்.

சரித்திரம் தெரியாமல் அந்தத் தலைவர் சிரித்திருந்தால் மன்னித்துவிடலாம். சரித்திரம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா தலைவர், திரு. வி. க. உடன் நின்றார். பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்னாடிக் மில் தொழிலாளிகள் வாடியாவிடம் கொண்டுபோன முதல் குறைகளில் ஒன்று என்ன? மத்தியான இடைவேளை. அரைமணி நேரத்துக்குள் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே வந்துவிட முடியவில்லை, கொஞ்சம் நீட்டித் தரவேண்டும் என்பது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளும் அந்தச் சங்கம் ஒரு மத்தியானத்தைக் கேட்டுக்கொண்டுதான் பிறந்தது. 1923ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். மே தினம் என்பதே எட்டு மணி நேரத்துக்காக ஏற்பட்ட நாள். ஆக, ஆரம்பம் முழுவதும் நேரத்தைப் பற்றியது. தொழிலாளியின் நாளில் எவ்வளவு அவனுடையது, எவ்வளவு முதலாளியுடையது என்பது பற்றியது. பிறகு எப்போதோ நேரம் போய்ப் பணம் மட்டும் மிஞ்சியது. சூடான இடத்தில் வேலையென்றால் ஒரு படி, தூசான இடத்தில் வேலையென்றால் ஒரு படி. உடம்பு கெடுவதை நிறுத்துவதற்குப் பதிலாக, உடம்பு கெடுவதற்கு ஒரு விலை பேசி முடித்துவிட்டு, அதை வெற்றி என்று வாயிற்கூட்டத்தில் அறிவிக்கப் பழகிவிட்டோம்.

சங்கங்களுக்கு வலு போய்விட்டது என்று யாராவது சமாதானம் சொன்னால் நான் ஏற்பதற்கில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. எல்லா நிறச் சங்கங்களும் ஒன்றுசேர்ந்து எழுந்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் ஆயிற்று. நேரத்துக்காக எழுந்தால் இன்றைக்கும் பத்து நாளில் ஜெயிக்க முடிகிறது. மத்தியானத்துக்காக மட்டும் எழுவதில்லை.

3

இனி அளவு. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஏமாற்று முழுவதும் இங்கேதான் நடக்கிறது.

வானிலை நிலையம் இன்றைக்கு 38 டிகிரி என்றால், அது நிழலின் வெப்பம். காற்றுப் புகும் வெள்ளை மரப்பெட்டி ஒன்றுக்குள், வெயில் படாமல், தரைச்சூடு தாக்காமல் வைத்த வெப்பமானி சொல்வது. வானிலைக்காரர்களுக்கு அது சரி. ஆனால் உப்புப் பாத்தியில் நிற்கிறவள் மரப்பெட்டிக்குள் இல்லை. மேலே வெயில், கீழே உப்பின் வெள்ளை திருப்பி அடிக்கும் வெயில், சுற்றிலும் கடலின் ஈரக்காற்று. மனித உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளப் பெரிதும் நம்பியிருப்பது வியர்வை உலர்வதைத்தான். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியும், உலராது. உடம்பு உள்ளேயே வேகத் தொடங்கும்.

இதை அளக்கவும் கருவி உண்டு. மூன்று வெப்பமானிகள். ஒன்று சாதாரணமானது. ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். ஒன்று கறுப்பு வர்ணம் பூசிய உருண்டைக்குள் இருக்கும். திறந்த வெளியில் கணக்கிடும்போது ஈரத்துணிக்குப் பத்தில் ஏழு பங்கு, கறுப்பு உருண்டைக்கு இரண்டு பங்கு, சாதாரணத்துக்கு ஒரு பங்கு. அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் இளைஞர்கள் வெயிலில் சுருண்டு விழுந்ததால் 1950களில் உண்டாக்கப்பட்ட முறை இது. சிப்பாயின் உடம்பு ராணுவத்தின் சொத்து; அதனால் அளந்தார்கள். சித்தியின் உடம்பு யாருடைய சொத்தும் இல்லை.

கடற்கரைப் பகுதியில் 'வெப்ப அலை' என்று அறிவிக்க வேண்டுமானால் நிழல் வெப்பம் 37 டிகிரியாவது இருக்கவேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவேண்டும் என்பது இந்திய வானிலைத் துறையின் இலக்கணம். வழக்கமே கொதிக்கிற ஊரில் வழக்கத்தைவிட 4.5 கூடுவதற்குள் என்னவெல்லாம் நடந்துவிடும் என்று யோசித்துக்கொள்ளலாம். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் செத்தால் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். சாவுக்குத் தொகை நிச்சயமாகிவிட்டது; சாவதற்கு முன்பு ஒரு மணி நேரம் உட்காரலாமா என்பது நிச்சயமாகவில்லை. 1948ன் தொழிற்சாலைச் சட்டம் வேலை நடக்கும் அறையில் நியாயமான சௌகரியம் தரும் வெப்பநிலை வேண்டும் என்றது. அறை என்றது. சுவரும் கூரையும் அதன் கற்பனையின் எல்லை. அந்தச் சட்டமும் இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டம் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. புதியதை எதிர்த்துச் சங்கங்கள் முழங்கும் முழக்கங்களில் எனக்கும் உடன்பாடுதான். அந்த முழக்கங்களுக்கு நடுவே ஒரு ஈரத்துணி வெப்பமானிக்கும் இடம் கேட்கிறேன்.

4

நண்பர் சொல்லக்கூடிய பலமான வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன். வேலையை நிறுத்தினால் கூலி போகும். நாள்கூலிக்காரியிடம், சுமைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து வாங்குகிறவளிடம், 'ஓய்வெடு' என்று சொல்வது 'பட்டினி கிட' என்று சொல்வதுதான். உண்மை. சித்தியே என்னைத் திட்டியிருப்பாள்.

ஆனால் இதே வாதம் எட்டு மணி நேர வேலைக்கும் எதிராக ஒருகாலத்தில் சொல்லப்பட்டது. நேரம் குறைந்தால் கூலி குறையும், ஏழைதான் கஷ்டப்படுவான் என்று முதலாளிகள் கண்ணீர் விட்டார்கள். கூலி குறையாமல் நேரத்தைக் குறைப்பதற்குத்தான் சங்கம் ஏற்பட்டது. வெயிலுக்காக நிறுத்தும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று சேர்த்துக் கேட்காவிட்டால் அந்தக் கோரிக்கைக்கு அர்த்தமே இல்லை. அதோடு, கூலி மட்டும்தான் பிரச்னை என்கிறவர் கூலிக் கணக்கையாவது ஒழுங்காகப் பார்க்கவேண்டும். சூட்டில் உடம்பு தானாகவே வேகம் குறைகிறது. சுமைக்கணக்கில் வேலை பார்க்கிறவளுக்கு அது அப்படியே கூலியில் விழும் வெட்டு. 2030ல் வெப்பத்தால் உலகத்தின் மொத்த வேலைநேரத்தில் 2.2 சதவீதம் போய்விடும், இந்தியாவில் மட்டும் 5.8 சதவீதம் போய்விடும் என்று உலகத் தொழிலாளர் ஸ்தாபனம் 2019ல் மதிப்பிட்டது. இந்தியக் கணக்கு 3 கோடியே 40 லட்சம் முழுநேர வேலைகளுக்குச் சமம். இந்த நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் வரப்போகும் சண்டை. நாம் வாய் திறக்காவிட்டால் அது சித்திகளின் கணக்கில்தான் எழுதப்படும். எழுதப்பட்டுக்கொண்டும் இருக்கிறது.

வழிகள் இல்லாமலில்லை. கேரளத்தில் ஒவ்வொரு கோடையிலும் வெளிவேலைக்காரர்களுக்குப் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை ஓய்வு என்று தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. கத்தார் 2021ல் ஒரு எண்ணையே சட்டத்தில் எழுதியது: நான் மேலே சொன்ன மூன்று வெப்பமானிக் கணக்கு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வெளிவேலை நிற்கவேண்டும். ஆனால் நம் ஊர்களிலிருந்தும் ஆட்கள் போய் வேலை பார்க்கும் அந்த நாட்டில், புலம்பெயர்ந்த தொழிலாளிக்குச் சங்கம் சேரும் உரிமை கிடையாது. எண் 32.1ஐத் தாண்டிவிட்டது என்று கையைத் தூக்கிச் சொல்லப்போகிறவன் யார்? அங்கே எண் இருக்கிறது, சங்கம் இல்லை. இங்கே சங்கம் இருக்கிறது, எண் இல்லை.

1972ல் அகமதாபாத்தில் தோன்றிய சேவா பெண்கள் சங்கம் இன்னொரு வழியில் போனது. வெப்பம் ஒரு அளவைத் தாண்டினால் பணம் தரும் காப்பீடு. 2024ல் மூன்று மாநிலங்களில் ஐம்பதாயிரம் பெண்களை அதில் சேர்த்தார்கள். முதல் தவணையாக ஒருவருக்கு 400 ரூபாய் கிடைத்தது. இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பெரிய சங்கங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது, வெயிலை ஒரு எண்ணாக்கி அதன்மேல் உரிமை கொண்டாடியவர்கள் அவர்கள். ஆனாலும் 400 ரூபாய் முதலாளியின் பையிலிருந்து வரவில்லை. வேலை வாங்குகிறவன் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. வெயில் மறுபடியும் இயற்கையாகிவிடுகிறது. பெண்கள் தொடங்கியதை முதலாளியின் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது மற்றச் சங்கங்களின் பொறுப்பு.

உடம்பின் கோரிக்கை சட்டமாகாது என்று சொல்பவர்களுக்கு ஒரு ஞாபகம். கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டார்கள். கோழிக்கோட்டுத் தெருக்கடைப் பெண்கள் ஆரம்பித்தது. பெரிய சங்கங்கள் அப்போதும் அதைச் சில்லறை விஷயம் என்றுதான் பார்த்தன. 2018ல் கேரளத்திலும் 2021ல் தமிழ்நாட்டிலும் அது சட்டமாயிற்று. ஒரு நாற்காலி சட்டமாக முடியுமானால் ஒரு மத்தியானமும் ஆகும்.

5

கடைசியாக நாம். இந்தப் பத்திரிகையை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும், அதாவது பெரும்பாலும் ஒரே ஆட்கள்.

முற்போக்குக் கவிதையில் சூரியன் எப்போதும் கிழக்கில் உதித்துக்கொண்டே இருக்கிறான். உச்சிக்கு வருவதே இல்லை. வந்தால் யாராவது மயங்கி விழவேண்டியிருக்கும். விடியல் கோஷத்துக்கு அது ஒத்துவராது. நம் நவீன கவிதையிலோ வெயில் எப்போதும் உச்சியில்தான். ஆனால் அது ஒரு மனநிலை. வெறிச்சோடிய தெரு, அர்த்தமற்ற பகல், ஜன்னலுக்கு வெளியே உலகம். ஜன்னலுக்கு இந்தப்பக்கம் மின்விசிறி சுற்றுகிறது என்பதைக் கவிதை சொல்வதில்லை. நானும் அப்படிப் பத்துக் கவிதைகள் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் வெயில் வருகிறது. ஒன்றில்கூட வியர்வை இல்லை. அவர்களும் நாமும் முப்பது வருஷம் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம். இரண்டு தரப்பும் வெயிலை நிழலில் இருந்தே அளந்தோம் என்பது இப்போது தெரிகிறது.

ராஜம் கிருஷ்ணன் 1979ல் 'கரிப்பு மணிகள்' நாவலில் தூத்துக்குடி உப்பளத்தை எழுதினார். போய், பார்த்து, பேசி எழுதினார். அதைத் தகவல், கலையல்ல என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். கலை பற்றிய என் அளவுகோல்களை இன்றும் நான் கைவிட்டுவிடவில்லை. ஆனால் சித்தி வேலை பார்த்த இடத்துக்கு ஒருதடவைகூடப் போகாமல், அங்கே போய்வந்த ஒருவரின் எழுத்தில் வடிவம் போதவில்லை என்று சொல்லும் தார்மிகம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். பதில் இல்லை.

உப்பளத்துப் பெண்கள் நம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பல அளங்களில் விடிவதற்கு வெகுமுன்பே, இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள், உச்சிக்கு முன் முடித்துவிடலாம் என்று. சங்கம் கேட்டு வாங்கித்தராத மத்தியானத்தை அவர்களே தங்கள் தூக்கத்திலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மணிக்கு எழுந்து சோறாக்கிவிட்டுப் போகிறவளின் தூக்கத்துக்கு எந்தப் பஞ்சப்படியிலும் கணக்கில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. ஒவ்வொரு வேலைத்தலத்திலும் ஈரத்துணியும் கறுப்பு உருண்டையும் கொண்ட அந்தக் கருவி இருக்கட்டும். அதைப் படித்துச் சொல்பவர் தொழிலாளிகள் தேர்ந்தெடுத்தவராக இருக்கட்டும், கணக்குப்பிள்ளையாக இருக்கவேண்டாம். எண் தாண்டினால் வேலை நிற்கட்டும், கூலி நிற்காதிருக்கட்டும். தண்ணீர், நிழல், பெண்களுக்கு ஒரு கதவு போட்ட கழிப்பறை. இவை அடுத்த கோரிக்கைப் பட்டியலில் கடைசிப் பக்கத்தில் அல்ல, கூலிக்குப் பக்கத்தில் இடம்பெறட்டும்.

நண்பரின் சங்கம் நடத்தும் மே தினப் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பிதழ் வந்திருக்கிறது. தலைமை அவர்தான். நேரம் மாலை ஆறு மணி. வெயில் தாழ்ந்த பிறகு. பேச்சாளர்களுக்கும் கேட்பவர்களுக்கும் எந்த நேரம் உகந்தது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உப்பளத்தில், பந்தல் இல்லாமல் வையுங்கள். நான் வருகிறேன். கூலி மட்டுமே பிரச்னை என்பதை அங்கே நின்று ஒரு மணி நேரம் பேசுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.